கோலாலம்பூர் செந்தூல் பக்கம் ஐந்தாம் ஆண்டுப் பையனுக்கு மலாய்மொழி, கணிதம்: வீட்டுக்கு வரும் ஆசிரியரை எப்படித் தேடுவது?

செந்தூல் அம்மா:
வணக்கம். மகன் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு. மலாய் வாசித்தால் புரிகிறது, கட்டுரை எழுதச் சொன்னால் நாலு வரியோடு பேனாவை வைத்துவிடுகிறான். கணிதம் தமிழில் நன்றாகச் செய்கிறான். இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் தடுமாறுவானோ என்று பயம். வாரம் இரண்டு முறை வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். மாதம் 400 ரிங்கிட் வரை கொடுக்க முடியும். பேஸ்புக்கில் ஒரு வரி போட்டால் வாட்சாப் நிரம்பிவிடுகிறது. யாரை நம்புவது? ஏஜென்ட் வழியாகப் போகலாமா? முதல் வகுப்பில் எதைக் கவனிக்க வேண்டும்?

சிவப்பு மை:
ஆசிரியரைத் தேடும் முன் பையனின் கட்டுரை நோட்டை எடுத்து, கடைசியாக எழுதிய மூன்று கட்டுரைகளைப் பாருங்கள். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இடறுவது இரண்டு இடங்கள்தான். ஒன்று, 'டி'. 'டி ரூமா' (வீட்டில்) என்று இடத்தைச் சொல்லும்போது பிரித்து எழுத வேண்டும். 'டிபெலி' (வாங்கப்பட்டது) என்று வினையோடு வரும்போது சேர்த்து எழுத வேண்டும். இன்னொன்று இம்புஹான், அதாவது சொல்லின் முன்னும் பின்னும் சேரும் ஒட்டுகள். 'தூலிஸ்' 'மெனூலிஸ்' ஆகும்போது முதல் எழுத்து விழுந்துவிடும், 'புக்குல்' 'மெமுக்குல்' ஆகும்போதும் அப்படித்தான். பையன் இதைக் காதால் கேட்டுத்தான் எழுதுகிறான், விதி தெரிந்து எழுதவில்லை என்றால் நோட்டிலேயே தெரிந்துவிடும். 'சத்து குச்சிங்' (ஒரு பூனை) என்று எழுதி, விலங்குக்கு உரிய 'செஎக்கோர்' போட மறந்திருந்தால், எண்ணோடு வரும் இந்தச் சொற்களான பென்ஜோடோ பிலாஙானும் சேர்ந்து பாடமாக வேண்டும்.

வேலைக்குக் கேட்டு வருபவரிடம் அதே கட்டுரைகளில் ஒன்றின் நகலைக் கொடுத்துத் திருத்தித் தரச் சொல்லுங்கள். சான்றிதழைவிட இது அதிகம் சொல்லும். முழுவதையும் அடித்துவிட்டுத் தானே அழகாக எழுதிக் கொடுப்பவர் வேண்டாம். தவறுக்குக் கீழே கோடிட்டு, இது 'டி' தவறு, இது இம்புஹான் தவறு என்று குறித்துவிட்டுப் பையனையே திருத்த வைப்பவர்தான் வேண்டும்.

சோதனை வகுப்பு ஒரு மணி நேரம் வையுங்கள், அதற்கும் காசு கொடுத்துவிடுங்கள். முதல் கால் மணி நேரம் பாடநூலையும் நோட்டையும் புரட்டி, பையனை எழுதவோ பேசவோ வைத்து நிலை பார்க்கிறாரா என்று கவனியுங்கள். வந்த உடனே பயிற்சி நூலின் நகல் தாளை நீட்டி, விடை சரி பார்த்துவிட்டுப் போகிறவரை வைத்துக்கொண்டால் மாதக் கடைசியில் உங்களிடம் தாள் மட்டும்தான் மிஞ்சும்.

இன்னொரு எச்சரிக்கை: மாதிரிக் கட்டுரை மனப்பாடம். எந்தத் தலைப்பு கொடுத்தாலும் 'பாடா ஹாரி மிங்கு யாங் லாலு' (சென்ற ஞாயிற்றுக்கிழமை) என்று ஆரம்பிக்கும் பிள்ளைகளை வகுப்பு ஆசிரியர் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். முதல் தேர்வில் மதிப்பெண் ஏறுவதுபோல் தெரியும். தலைப்பு கொஞ்சம் மாறினால் போச்சு. ஆறாம் ஆண்டில் எழுதும் யு.பி.எஸ்.ஆர். அரசாங்கத் தேர்வு 2021-லேயே போய்விட்டது. இப்போது ஆண்டிறுதித் தேர்வும் வகுப்பறை மதிப்பீடும்தான். வகுப்பறை மதிப்பீடு ஆண்டு முழுக்க நடப்பது, மனப்பாடக் கட்டுரை அதில் எத்தனை நாள் ஓடும்?

கணக்குப்பிள்ளை:
பண விஷயத்தை நான் சொல்கிறேன். கோலாலம்பூரில் வீட்டுக்கு வந்து தொடக்கப்பள்ளிப் பாடம் எடுக்க மணிக்கு 35 முதல் 50 ரிங்கிட் வரை பரவலாகக் கேட்கிறார்கள். பல்கலைக்கழக மாணவர் அதற்குக் கீழே வருவார், ஓய்வு பெற்ற ஆசிரியர் மேலே கேட்பார். உங்கள் 400-க்கு இப்படிப் பிரிக்கலாம்: மலாய்க்கு ஒன்றரை மணி நேரம், கணிதத்துக்கு ஒரு மணி நேரம். வாரம் இரண்டரை, நாலு வாரத்துக்குப் பத்து மணி நேரம், மணிக்கு 40. 'மாதக் கட்டணம்' என்று பேசாதீர்கள். ஐந்து வாரம் வரும் மாதத்திலும், சீனப் புத்தாண்டு, தீபாவளி விடுமுறை வரும் மாதத்திலும் அதில்தான் மனக்கசப்பு வரும். மணிக்கணக்கு பேசி, நாலு வாரத்துக்கு ஒருமுறை வகுப்பு முடிந்த பிறகு கொடுங்கள். நாட்காட்டியில் இருவரும் கையெழுத்துப் போட்டால் பேச்சே வராது. ரத்து செய்வதென்றால் முந்தின நாளே சொல்ல வேண்டும், பதில் வகுப்பு அதே மாதத்துக்குள் என்பதையும் முதல் நாளே வாட்சாப்பில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஏஜென்ட் பெரும்பாலும் முதல் மாதக் கட்டணத்தில் ஒரு பங்கை ஆசிரியரிடமிருந்து எடுத்துக்கொள்வார். அதனால் முதல் மாதம் ஆசிரியர் கைக்கு வருவது குறைவு. வேறு நல்ல இடம் கிடைத்தால் சிலர் கழன்றுகொள்வார்கள். ஆள் போனால் மாற்று ஆள் தருவீர்களா, அதற்கு மறுபடி கட்டணமா என்று கேட்டுவிட்டுத்தான் சம்மதிக்க வேண்டும்.

முகம் காட்டாமல் முன்பணம் கேட்டால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கணக்கு எண்ணையும் கைப்பேசி எண்ணையும் மோசடிப் புகார் உள்ள கணக்குகளைக் காட்டும் போலீசின் 'செமாக் மியூல்' தளத்தில் போட்டுப் பார்க்கலாம். தெரியாமல் பணம் அனுப்பிவிட்டால் உடனே மோசடிப் புகார் எண்ணான 997-க்கு அழையுங்கள், தாமதித்தால் பணம் கைமாறிவிடும்.

இரண்டாம் மணி:
எல்லாரும் பேஸ்புக்கிலேயே தேடுகிறார்கள். முதலில் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் கேளுங்கள். அதே வட்டாரத்தில் ஓய்வு பெற்ற ஆசிரியர் யார் என்று அவர்களுக்குத்தான் தெரியும். லெம்பா பந்தாயில் அனைத்துலக மொழிகளுக்கான ஆசிரியர் கல்விக் கழகம் இருக்கிறது, பக்கத்திலேயே மலாயாப் பல்கலைக்கழகம். அங்கிருந்து எல்.ஆர்.டி. ரயில் ஏறி மஸ்ஜிட் ஜாமெக்கில் மாறினால் செந்தூல் வந்துவிடலாம், எனவே மாணவர்கள் வாரக் கடைசியில் வரச் சம்மதிப்பார்கள். பயிற்சிக் காலம் எப்போது, அந்த மாதங்களில் வர முடியுமா என்று முன்கூட்டியே கேளுங்கள். அரசாங்க ஆசிரியர் என்றால் வெளியே பாடம் எடுக்க எழுத்து வழி அனுமதி வேண்டும். மகனுடைய சொந்த வகுப்பு ஆசிரியரைக் கேட்காமல் இருப்பது இரண்டு பேருக்கும் நல்லது.

சிவப்பு மை சொன்னதில் ஒன்று சேர்க்கிறேன். மலாய்க்குத் தமிழர் வேண்டாம், மலாய்க்காரர்தான் வேண்டும் என்று பலர் பிடிவாதமாக இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இம்புஹான் விதியைத் தமிழில் விளக்கிவிட்டு, மற்ற நேரம் முழுக்க மலாயில் பேசும் ஆசிரியர்தான் இந்தப் பையனுக்குப் பொருந்துவார். ஆறாம் ஆண்டுக்குப் போன பிறகு, முழுக்க மலாயில் பேசுபவருக்கு மாற்றலாம். மலாய்மொழி அடைவுநிலை குறைந்தால் இடைநிலைப்பள்ளியில் முதலாம் படிவத்துக்கு முன் புகுமுக வகுப்பில் ஒரு வருடம் உட்கார வேண்டியிருக்கும், அதனால் இப்போதே ஆரம்பிப்பது சரி.

கணிதத்துக்குத் தனி ஆசிரியர் அவசியமே இல்லை என்பேன். கணக்கு தெரிகிறது, சொல் தெரியவில்லை, அவ்வளவுதான். பின்னம் பெச்சாஹான், தசமம் பெர்புலுஹான், பரப்பளவு லுவாஸ், பெருக்கல் டாராப். பிரச்சினைக் கணக்கில் 'பேசா' (வித்தியாசம்), 'பாக்கி' (மீதி), 'செத்தியாப்' (ஒவ்வொன்றும்) மூன்றும் எங்கே வந்தாலும் என்ன செய்ய வேண்டும் என்று பழகினால் பாதி வேலை முடிந்தது. ஏற்கெனவே தமிழில் செய்த கணக்கையே மலாயில் கொடுத்து, வாரம் பத்துக் கணக்கு செய்யச் சொல்லுங்கள். போகப்போகும் இடைநிலைப்பள்ளியில் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் நடக்கும் இருமொழித் திட்டம் இருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். இருந்தால் இந்தப் பட்டியலையே ஆங்கிலத்தில் போட வேண்டியிருக்கும்.

செந்தூல் அம்மா:
ரொம்ப நன்றி. அப்படியானால் மலாய்க்கு மட்டும் ஆள் பார்க்கிறேன். பகலில் பாட்டிதான் வீட்டில். பக்கத்து வீட்டுப் பையன் நாலாம் ஆண்டு, அவனையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று அவன் அம்மா கேட்கிறார்.

இரண்டாம் மணி:
நாலும் ஐந்தும் சேர்ந்தால் ஆசிரியர் பாதி நேரம் ஒருவனுக்கு வேலை கொடுத்துவிட்டு இன்னொருவனைப் பார்ப்பார்; கட்டுரைக்கு அது ஒத்துவராது. ஐந்தாம் ஆண்டு நண்பன் யாராவது கிடைத்தால் சேருங்கள், மூன்று பேருக்கு மேல் வேண்டாம். பாடம் ஹாலில், பாட்டி கண்ணில் படும் இடத்தில் நடக்கட்டும், அறைக் கதவை மூடிக்கொண்டு வேண்டாம். பையனுக்கு ஆசிரியர் தனியாக வாட்சாப் அனுப்பக் கூடாது, செய்தி எல்லாம் உங்கள் எண்ணுக்கே வர வேண்டும்.

கணக்குப்பிள்ளை:
நேரத்தை மூன்றரைக்கு வையுங்கள் அக்கா. ஐந்தரைக்கு மேல் ஜாலான் ஈப்போ நெரிசலில் மோட்டாரில் வருகிறவர் மழைக்கும் மாட்டிக்கொள்வார், தாமதம் உங்கள் மணிக்கணக்கில்தான் விழும்.