புதுப்பிப்பு: பற்றியதும் அணைந்த பெல்லட் கணப்படுப்பு சரியாகிவிட்டது

இத்தாலியின் உம்ப்ரியா கிராமத்து வீட்டில், பெல்லட் (மரத்தூளை அழுத்திச் செய்த சிறு உருளைகள்) எரிக்கும் கணப்படுப்பு பத்தே நிமிடத்தில் அணைந்துபோகிறது என்று நானும் மனைவியும் கேட்டிருந்தோம். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பெல்லட் எரியும் தீக்கிண்ணத்தைச் சுரண்டி, அதன் காற்றுத் துளைகளைக் குத்திவிட்டதில் பாதிதான் தேறியது. தீர்த்துவைத்தது, புகைக்குழாயின் அடியிலுள்ள டி (T) வடிவ இணைப்பின் மூடியைக் கழற்றிப் பார்க்கச் சொன்ன யோசனை. அடுப்பு முழுக்க ஆறியபின் கழற்றினோம்; மாவு போன்ற சாம்பல் குழாயைப் பாதிக்குமேல் அடைத்திருந்தது. புகை வெளியேற வழியில்லாவிட்டால் அழுத்த உணரி பெல்லட் விழுவதை நிறுத்திவிடும், அதனால்தான் அணைந்தது.

எதிர்பாராத ஒன்று: 15 கிலோ மூட்டைகள் கல்தரையில் இருந்தன. அடிமூட்டை ஈரம் குடித்து, பெல்லட் விரலால் அழுத்தினாலே தூளானது. இப்போது மரப்பலகை மேல், சுவரை ஒட்டாமல் அடுக்கியிருக்கிறோம். இஎன்பிளஸ் (ENplus) என்ற பெல்லட் தரச்சான்றில் ஏ1 தரமே வாங்குங்கள், சாம்பல் 0.7 சதவீதத்தைத் தாண்டாது.