1914 தமிழ் நாளிதழில் ‘எம்டன்’ செய்தி தேடலில் சிக்கவில்லை: உதவி தேவை

கேள்வி:
வணக்கம். 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டது. அக்கப்பலில் விடுதலைப் போராட்ட வீரர் செண்பகராமன் பிள்ளை இருந்தார் என்று பலரும் எழுதுகிறார்கள். அந்த வாரத்துப் பத்திரிகைகளில் அப்படி ஏதும் வந்ததா என்று நேரில் பார்த்துவிட ஆசை. அக்கால நாளிதழ் ஒன்று ஒரு மின்தொகுப்பில் ஆண்டுவாரியாக இருக்கிறது. ஆனால் ‘சென்னை’ என்று தேடினால்கூட ஒரு பக்கமும் வரவில்லை. என்ன செய்யலாம்?

பதில் 1:
நண்பரே, சிக்கல் அந்த ‘னை’யில் இருக்கிறது. பழைய அச்சில் ணை, லை, ளை, னை நான்கிலும் ஐகாரக் குறி தனியே நிற்காது; யானைத் துதிக்கைபோல் வளைந்து எழுத்தோடு ஒட்டியிருக்கும். ணா, றா, னா ஆகியவையும் அப்படித்தான், கால் சுழிந்து கீழிறங்கும். தமிழக அரசு 1978இல்தான் இவற்றை மாற்றியது. பக்கத்தின் படத்தைப் படித்துத் தேடக்கூடிய எழுத்தாக மாற்றும் எழுத்துணரி மென்பொருள் இன்றைய எழுத்தில் பழகியது; இவற்றைக் கண்டால் தடுமாறும். ஆகவே இந்த எழுத்துகள் வராத சொற்களாகத் தேடுங்கள்: கப்பல், பீரங்கி, துறைமுகம், மதராஸ், சென்னப்பட்டணம். ‘எம்டென்’ என்றும் போட்டுப் பாருங்கள்.

அதைவிட உறுதியான வழி, தேடலையே விட்டுவிட்டுத் தேதிவாரியாகப் புரட்டுவது. சுட்டது இரவில், ஆகவே 23ஆம் தேதியிலிருந்து தொடங்குங்கள். போர்க்காலத் தணிக்கை இருந்ததால் அடுத்த சில நாள் இதழ்களையும் விடாதீர்கள்.

பதில் 2:
ஆங்கிலச் செய்திகளையும் சேர்த்துப் பாருங்கள் ஐயா. எம்டனை 1914 நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவருகே வீழ்த்தியது ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி. அதனால் ஆஸ்திரேலியத் தேசிய நூலகத்தின் ‘ட்ரோவ்’ தளத்தில் இதுபற்றிய செய்திகள் கொட்டிக் கிடக்கின்றன, கட்டணம் இல்லை. கணினி தவறாகப் படித்த வரிகளை வாசகர்களே அங்கே திருத்தலாம். தமிழ் இதழ்களுக்கும் அந்த வசதி வேண்டும் என்று நான் கேட்காத இடமில்லை. சிங்கப்பூர்த் தேசிய நூலகத்தின் பத்திரிகைத் தொகுப்பில் ‘ஸ்ட்ரெயிட்ஸ் டைம்ஸ்’ இருக்கிறது. அக்டோபர் 28இல் எம்டன் பினாங்கைத் தாக்கியதால் அந்த வாரத்து இதழ்களும் பயன்படும்.

செண்பகராமன் பிள்ளையைப் பொறுத்தவரை, அந்தச் செப்டம்பரில் அவர் சூரிச்சில் இந்திய ஆதரவுக் குழு ஒன்றை நடத்திக்கொண்டிருந்தார். கப்பலிலும் இருந்தார் என்பதை நான் நம்பவில்லை.

கேட்டவர்:
மிக்க நன்றி. ‘கப்பல்’ என்றதும் பக்கங்கள் வரத் தொடங்கிவிட்டன! ஒரு இதழின் தலைப்பில் ‘ஆனந்த ௵ புரட்டாசி ௴’ என்று மட்டும் இருக்கிறது. ஆங்கிலத் தேதி கிழிந்த ஓரத்தில் போய்விட்டது. இது 1914தானா?

பதில் 1:
ஆம். ௵ வருடம், ௴ மாதம். ஆனந்த வருடம் 1914 ஏப்ரல் நடுவில் தொடங்கியது. புரட்டாசி பிறந்தது செப்டம்பர் நடுவில். அறுபதாண்டுச் சுழற்சியில் முந்தைய ஆனந்த 1854, அடுத்தது 1974. போர்ச் செய்தி இருந்தால் குழப்பமே வேண்டாம். குறிப்பெடுக்கும்போது இதழின் பெயர், தமிழ்த் தேதி, பக்க எண் மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். இணைப்பு முகவரி மாறினாலும் பக்கத்தைத் திரும்பப் பிடித்துவிடலாம்.