தண்ணி கரைக்குள்ளயா ஓடும்? – கடல் நீரோட்டம் அளந்த அனுபவங்கள்

கோபிக்காரன்:

கடலே இல்லாத ஊர்க்காரனுக்குக் கடலை அளக்கிற வேலை. சில வருசங்களுக்கு முன் கிழக்குக் கடற்கரையில் ஒரு ஜெட்டிக்காக (தூண்கள் மேல் நிற்கும், கப்பல் அணையும் மேடை), 12 மீட்டர் ஆழத்தில் நீரோட்டம் அளந்தோம். தூண் மேல் விழும் விசை வேகத்தின் இருமடியாக ஏறும். வேகத்தை 10 சதவீதம் குறைத்து அளந்தால் விசை 20 சதவீதம் போல அடிபட்டுவிடும். அதனால் எங்கள் கண்ணெல்லாம் வேகத்தின் மேல்தான். திசையை யாரும் சட்டை செய்யவில்லை.

கருவி ஏ.டி.சி.பி. கடல் தரையில் ஒரு சட்டத்தில் மேல்நோக்கி உட்கார்ந்து ஒலி அனுப்பும். தண்ணீரோடு மிதந்து போகும் துகள்களில் பட்டுத் திரும்பும் ஒலியின் அதிர்வெண் மாறுவதை வைத்து, ஒவ்வொரு அடுக்கிலும் தண்ணீர் எவ்வளவு வேகம், எந்தப் பக்கம் என்று சொல்லிவிடும். பக்கம் சொல்ல உள்ளே ஒரு காந்தத் திசைகாட்டி இருக்கிறது.

சட்டம் நகராமல் இருக்க எடை கட்ட வேண்டும். ஈயம் விலை ஜாஸ்தி. நான்தான் ஊர்ப் பெருமையில், கோயம்புத்தூரில் தெரிந்த பவுண்டரியில் சொல்லி நாலு பீடுக் (வார்ப்பிரும்பு) கட்டி வார்த்து வாங்கி, நாலு காலிலும் போல்ட் போட்டு முடுக்கினேன். நல்ல வார்ப்பு, ஒரு ஓட்டை கிடையாது.

மார்கழியில் கருவியை எடுத்துவிட்டுப் பொங்கலுக்கு ஊருக்கு வந்தேன். காப்புக் கட்டு அன்று திண்ணையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அப்புச்சி எட்டிப் பார்த்தார். கீழ்பவானி வாய்க்காலில் லஸ்கராக, அதாவது வாய்க்கால் பார்க்கும் பணியாளாக இருந்தவர். ஓவர்சீயர் கப் மீட்டரை (கிண்ணங்கள் சுழல்வதை வைத்து நீரின் வேகம் அளக்கும் கருவி) ஆழத்தில் 0.6 பங்குக்கு இறக்கினால், பக்கத்தில் நின்று ‘டிக் டிக்’ எண்ணிய ஆள். திரையில் நீரோட்டப் புள்ளிகள் வெள்ளரிப்பிஞ்சு மாதிரி நீளமாகக் கிடந்தன. கரை எது என்று கேட்டார். விரலால் கோடு காட்டினேன்.

“ஏங்கண்ணு, தண்ணி கரையோரமாத்தான ஓடும்? இது கரைக்குள்ற பூர்ற மாதிரியில்ல இருக்குது?”

கரையை ஒட்டி வடக்கு தெற்காகக் கிடக்க வேண்டிய பிஞ்சு சாய்ந்து கரையைக் குத்திக்கொண்டிருந்தது. அத்தனை நாள் பார்த்த எனக்கு அது உறைக்கவே இல்லை.

திரும்பிப் போனதும் சட்டத்தைக் கடலில் இருந்த அதே வாக்கில் மணலில் வைத்து, தள்ளி நின்று கைத்திசைகாட்டியோடு ஒப்பிட்டேன். கிட்டத்தட்ட 30 டிகிரி வித்தியாசம். இரும்பு இழுத்திருக்கிறது. 30 டிகிரி தப்பினால் கரையோர ஓட்டத்தில் பாதியளவு குறுக்கே ஓடுவதாகக் கணக்கு வரும், கப்பல் அணையும் பக்கமே தப்பாகிவிடும். நல்லவேளை, சட்டம் அசையாததால் பிழை எல்லாப் பதிவிலும் ஒன்றுதான். அதைக் கழித்துத் தரவை மீட்டோம். அடுத்த தடவை ஈயம்தான்.

பல்லடம் காற்றாலை:

ஏனுங்க, ஒரு சீசன் அளந்தா போதுமா? நம்ம பக்கம் காத்துக்கே வருசம் முழுக்கக் கம்பம் நட்டு அளக்கறோமே.

கோபிக்காரன்:

பத்தாதுங்க. கிழக்குக் கரையில் ஐப்பசி கார்த்திகையில் தெற்கே ஓடுவது, மாசி பங்குனியில் வடக்கே திரும்பிவிடும். குறைந்தது ஒரு வருசம் வேண்டும். 100 வருச அலைக்கு, அதாவது சராசரியாக 100 வருசத்துக்கு ஒருக்கா வரும் பெரிய அலைக்கு, ஒரு வருச அளவும் காணாது, பழைய புயல்களைக் கணினியில் ஓட்டித்தான் எடுப்பார்கள். அந்த அலையோ அதைவிடப் பெரியதோ, 25 வருசம் நிற்கிற கட்டுமானத்துக்கு ஒரு தடவையாவது வர 22 சதவீத வாய்ப்பு உண்டு. 100 வருசத்துக்கு ஒருக்கா என்ற பேரே ஆளை ஏமாற்றும்.

பெருந்துறை பையன்:

நான் அலை உயரம் அளக்கும் மிதவை போட்ட கதை. மஞ்சள் உருண்டை, என் இடுப்புயரம். அதன் நிழலில் மீன் கூடும், மீன் கூடினால் படகும் வரும். வந்தவர்கள் படகை மிதவையிலேயே கட்டிவிட்டார்கள். அரைமணிப் பதிவு ஒவ்வொன்றும் கோணலாக வந்தது. சண்டைக்குப் போகாமல் குப்பத்தில் டீ குடித்துப் பேசினோம். தினமும் காலையில் அலை உயரத்தை ஊர்த்தலைவருக்கு எஸ்.எம்.எஸ். அனுப்புவது, அவர்கள் படகு கட்டாமல் இருப்பது என்று ஒப்பந்தம்.

பத்தாம் நாள் அவரே கூப்பிட்டார்: “தம்பி, 2 மீட்டர்னு போட்டிருந்தீங்க. வந்தது அதுக்கு ரெட்டை. பொய்யா அனுப்புறீங்க?”

பொய் இல்லை. நாங்கள் அனுப்பியது உயரமான மூன்றிலொரு பங்கு அலைகளின் சராசரி. தனி அலை ஒன்று அதற்குக் கிட்டத்தட்ட இரட்டிப்பாக வரலாம். படகைக் கவிழ்ப்பது அந்த ஒன்றுதான். மறுநாளிலிருந்து இரண்டு எண்களையும் அனுப்பினோம்.