திறந்ததுமே பொங்கி வழியும் சேசோன் பீர்: மீதி பாட்டில்களைக் காப்பாற்ற வழி உண்டா?

பெல்ஜிய சேசோன் (பண்ணை பாணி பீர் வகை), 330 மி.லி., தகர மூடி, 6.5% ஆல்கஹால். பாட்டிலுக்குள்ளேயே மறுபடி நொதிக்கும் வகை. அடைத்து 14 மாதம் ஆகிறது. 6 பாட்டிலில் 3 திறந்தாயிற்று. மூடியை நெம்பிய நொடியே நுரை கழுத்தைத் தாண்டி, பாதி பீர் மேசையில்தான்.

முதல் பாட்டில் 12 டிகிரியில் இருந்தது. இரண்டாவதை 4 டிகிரியில் 3 நாள் நிமிர்த்தி வைத்து, ஆட்டாமல் எடுத்தேன். குளிரில் வாயு பீரிலேயே கரைந்து நிற்க வேண்டும்; ஈஸ்ட் மண்டியும் நன்றாகவே படிந்திருந்தது. அப்படியும் பொங்கியது. மூன்றாவதில் மூடி ஓரத்தை மெல்லக் கிளப்பி, 'உஸ்' என்று வாயு போனதும் திரும்ப அழுத்தினேன். 4 முறை செய்தும் அடங்கவில்லை.

மிஞ்சியதில் புளிப்பே இல்லை. மிளகு வாசனையும் ஆரஞ்சுத் தோல் வாசனையும் அருமை. ஆனால் வாயில் தண்ணீராக மெலிந்துவிட்டது, சேசோனுக்கே இது அதிகம். மிச்சமிருந்த டெக்ஸ்ட்ரினை (சாதாரண பீர் ஈஸ்ட் தின்னாமல் விடும், பீருக்குக் கனம் தரும் மாவுப்பொருள்) பிரெட்டனோமைசிஸோ டயஸ்டாட்டிகஸோ (அதையும் நொதிக்கக்கூடிய ஈஸ்ட் வகைகள்) தின்றிருக்கும் என்பது என் சந்தேகம். அடைக்கும்போது சர்க்கரை கூடியது மட்டும் காரணமென்றால் இப்படி மெலியாது. தொற்றுக்கு அடையாளமாகக் கழுத்தில் படியும் வெள்ளை வளையமும் இல்லை.

மீதி 3 பாட்டிலும் வெடித்துவிடாமல் துணி சுற்றி 4 டிகிரியில் இருக்கின்றன. இவற்றை நுரையாக இழக்காமல் கிளாஸில் ஊற்றுவது எப்படி?