பாதி விலையை எடுத்துக்கொள்ளும் கேலரிக்காரர்: எங்கள் அனுபவங்கள்

ஓவியர் ஒருவர்:

என் முதல் தனிக் கண்காட்சி முடிந்ததும் கணக்குத் தாள் கைக்கு வந்தது. விற்றது ஆறு படம். விலையில் சரிபாதி கேலரிக்கு. பெரும்பாலான இடங்களில் அதுதான் வழக்கம் என்று முன்பே தெரியும். ஆனாலும் தாளில் பார்த்தபோது வயிறு எரிந்தது. இரண்டு வருடம் ராத்திரி பகலாக வரைந்தவன் நான், சுவரில் ஆணி அடித்தவருக்குப் பாதியா?

அந்தக் கண்காட்சியில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். இருந்ததிலேயே பெரிய கேன்வாஸைக் கேட்டு ஒருவர் வந்தார். பேரம்கூடப் பேசவில்லை, முழுப் பணத்தையும் உடனே தருகிறேன் என்றார். கேலரிக்காரர் சிரித்துக்கொண்டே, "அது ஒருவருக்காக எடுத்து வைத்தது" என்று சொல்லிவிட்டார். அப்படி யாரும் இல்லை என்று எனக்குத் தெரியும். வாடகைக்கே திண்டாடிக்கொண்டிருந்த நேரம். அன்றிரவு அவரோடு சண்டையே போட்டேன். "அவர் கையில் போனால் அடுத்த வருடமே ஏலத்துக்கு வரும். அங்கே கேட்க ஆளில்லாமல் திரும்பினால் ஊருக்கே தெரிந்துவிடும். அப்புறம் உங்கள் மற்ற படங்களுக்கு நான் எந்த முகத்தோடு விலை சொல்வது?" என்றார். நான் நம்பவில்லை. ஐந்து மாதம் கழித்து வேறொரு தம்பதி அதை வாங்கினார்கள்.

அவரைப் புகழ்வதற்காக இதை எழுதவில்லை. ஆறு படத்துக்கும் சேர்த்து என் பங்கு வந்து சேர ஏழு மாதம் ஆனது. கேட்கும்போதெல்லாம் "வாங்கியவர் இன்னும் தரவில்லை" என்பார். வாங்கியவர்களில் இருவர் எப்போதோ கொடுத்துவிட்டார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. என் பணம் ஏதோ ஒரு ஆர்ட் ஃபேரில் ஸ்டால் வாடகையாகப் போயிருந்தது. என் மேலும் தப்பு உண்டு. எந்தெந்தப் படம் அவரிடம் இருக்கிறது, விற்றால் எத்தனை நாளில் பணம், தள்ளுபடி கொடுத்தால் அது யார் பங்கில் கழியும், எதையுமே எழுதி வாங்கவில்லை.

கேலரி உதவியாளராக நான்கு வருடம் இருந்தவர்:

ஆணி அடித்தவன் நான்தான் ஐயா, எனக்குப் பாதியெல்லாம் வரவில்லை!

சிவப்புப் புள்ளி ஒட்டுவதும் என் வேலை. படம் விற்றுவிட்டது என்பதற்கு அடையாளம் அது. தொடக்க நாளன்று கதவு திறப்பதற்கு முன்பே, விற்காத இரண்டு படங்களுக்கும் ஒட்டச் சொல்வார் உரிமையாளர். காலியான பந்தியில் முதல் ஆளாக உட்கார யாருக்கும் கூச்சம் என்பது அவர் கணக்கு. எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் ஒட்டினேன்.

வெளியே தெரியாத வேலை வேறு. ஒரு பெண் ஓவியரின் இரண்டு படங்களை ஓர் அருங்காட்சியகத்துக்குள் கொண்டுபோக உரிமையாளர் மூன்று வருடம் அலைந்தார். கடிதம், புகைப்படக் கோப்பு, அங்கே படங்களைத் தேர்ந்தெடுக்கும் கியூரேட்டரை ஸ்டூடியோவுக்கு அழைத்துப் போவது, அவர் வராமல் போவது, மறுபடி அழைப்பது. கடைசியில் பெரிய தள்ளுபடியில்தான் விற்றார். அந்த விற்பனையில் கைக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. ஆனால் அதற்கப்புறம் அந்த ஓவியரின் விலைப் பட்டியலைப் பார்த்து யாரும் முகம் சுளிக்கவில்லை.

சம்பளம் தாமதமாகும் மாதங்களில் எங்களுக்குப் பால் துராண்ட்-ருவேல் கதை கிடைக்கும். மோனே, ரெனுவார், பிஸ்ஸாரோ ஆகிய ஓவியர்களின் படங்களை யாரும் சீந்தாத காலத்தில் மொத்தம் மொத்தமாக வாங்கிக் குவித்துக் கடனில் மூழ்கிய பாரிஸ் வியாபாரி. 1886-இல் ஏறக்குறைய 300 படங்களை நியூயார்க்குக்குக் கொண்டுபோய்க் காட்டிய பிறகுதான் கரையேறத் தொடங்கினார். அந்தக் கதைகளில் லியோ காஸ்டெல்லியும் வருவார். 1957-இல் நியூயார்க்கில் கேலரி திறந்தவர், விற்றாலும் விற்காவிட்டாலும் தன் ஓவியர்களுக்கு மாதப் பணம் கொடுத்தவர். "அவர் மாதாமாதம் கொடுத்தாரே சார்" என்று நான் ஒருமுறை சொன்னதற்கு, கதையை நிறுத்திவிட்டார்.

சிற்பி:

சுருக்கமாகச் சொல்கிறேன். வெண்கல வார்ப்புக்குக் கேலரி முன்பணம் போட்டது. விற்றதும் வார்ப்புச் செலவை முதலில் கழித்துவிட்டு, மீதியில்தான் பாதி. ஒரே சிற்பத்தை ஏழு பிரதிகளாக, அதாவது ஏழு பதிப்பாக வார்த்ததில் இரண்டுதான் விற்றன. ஏழின் செலவையும் அந்த இரண்டிலேயே கழித்துவிட்டார்கள். பதிப்புக்குப் பதிப்பு தனியாகக் கழிக்க வேண்டும் என்று முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

படம் வாங்குபவர்:

முதல் பதிவில் திருப்பி அனுப்பப்பட்டாரே, அவரைப் போல நானும் ஒருமுறை அவமானப்பட்டிருக்கிறேன். கையில் பணத்தோடு நிற்கிறேன், "வேறு யாருடைய படங்கள் வைத்திருக்கிறீர்கள்? எங்கே மாட்டுவீர்கள்?" என்று கேள்வி. பெண் பார்க்க வந்தவனிடம்கூட இவ்வளவு விசாரிக்க மாட்டார்கள். கடைசியில் கொடுத்தார்கள், ஆனால் ஒரு நிபந்தனை: சில வருடங்களுக்குள் விற்க நினைத்தால் முதலில் அவர்களிடமே கேட்க வேண்டும்.

எரிச்சலில் கையெழுத்துப் போட்டேன். இப்படி ஒரு நிபந்தனை எதற்கு என்று அப்புறம்தான் தேடிப் படித்தேன். அமெரிக்க ஓவியர் ராபர்ட் ரோஷன்பெர்க்கின் ஒரு படத்தை ராபர்ட் ஸ்கல் என்ற சேகரிப்பாளர் 1958-இல் 900 டாலருக்கு வாங்கினார். 1973-இல் நியூயார்க் ஏலத்தில் அது 85,000 டாலருக்குப் போனது. வரைந்தவருக்கு ஒரு காசு இல்லை. ஏலம் முடிந்ததும் ரோஷன்பெர்க் ஸ்கல்லைப் பிடித்துத் தள்ளியே விட்டார். படம் ஏலத்தில் மறுபடி விற்கப்படும்போது ஓவியருக்குப் பங்கு தரும் சட்டம் பிரான்ஸில் 1920-லேயே வந்துவிட்டது. எல்லா நாட்டிலும் அது இல்லை. இல்லாத இடத்தில் டீலர், அதாவது கேலரிக்காரர், போடும் இந்த நிபந்தனைதான் ஓரளவு வேலி. ஆனால் வேலிக்குள் டீலரின் சொந்த லாபமும் மேய்கிறது. திரும்ப வரும் படத்தை அடுத்தவருக்கு விற்பதும் அவர்தானே.

இன்னொன்று. பெயர் பெற்ற கேலரி என்பதற்காகக் கண்ணை மூடி வாங்காதீர்கள். 1846-இல் தொடங்கிய நியூயார்க்கின் நோட்லர் கேலரி 2011-இல் மூடப்பட்டது. அங்கே ரோத்கோ, பொல்லாக் போன்ற பெரிய ஓவியர்களின் பெயர்களில் விற்றவற்றில் பல போலி என்று பின்னர் நிரூபணமானது. பெயர் சொல்ல விரும்பாத ஒரு சேகரிப்பாளரிடமிருந்து வந்தவை என்றுதான் கதை சொல்லப்பட்டது. படம் யார் யார் கையில் இருந்தது என்ற வரலாற்றைக் கேட்டால் முகம் சுருங்குகிறதா, அங்கேயே திரும்பிவிடுங்கள்.

முதல் பதிவு போட்ட ஓவியர்:

மீதிக் கதையையும் சொல்லிவிடுகிறேன். பணம் தாமதமான கோபத்தில் ஒரு வருடம் நானே விற்றேன். 2008-இல் பிரிட்டிஷ் கலைஞர் டேமியன் ஹர்ஸ்ட் தன் டீலர்களை ஒதுக்கிவிட்டு நேராக ஏலத்தில் 11 கோடி பவுண்டுக்கு மேல் விற்கவில்லையா என்ற தெம்பு! எனக்கு வந்தது மூன்று பேர். மூவரும் கேட்டது ஒன்றேதான்: "கேலரி இல்லையே, பாதி விலைக்குத் தருவீர்களா?" ஒருவருக்குக் கொடுத்தேன். அடுத்த வாரம், கண்காட்சியில் முழு விலை கொடுத்து வாங்கிய ஒருவர் போன் செய்து, மிக மரியாதையாக, "கேள்விப்பட்டது உண்மையா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

பழைய கேலரிக்காரரிடமே போனேன். இந்த முறை இரண்டு பக்கத் தாளோடு. பட்டியல், முப்பது நாளில் பணம், தள்ளுபடி பத்து சதவீதத்துக்கு மேல் போனால் அவர் பங்கில். மூன்றாவதற்கு மட்டும் முணுமுணுத்தார், பிறகு கையெழுத்திட்டார். போன மாதம் அவரே கூப்பிட்டார். அந்தப் பெரிய கேன்வாஸ் இப்போதும் அந்தத் தம்பதியின் வீட்டு மாடிப்படிக்கு எதிரே, வெயில் படாத சுவரில்தான் இருக்கிறதாம். அடுத்த கண்காட்சிக்கு இரவல் தரச் சம்மதித்துவிட்டார்களாம்.