தோட்டம் அமைக்கும் தொழிலின் ஆண்டுக் கணக்கு: வழிகாட்டல் வேண்டும்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். கோவை, திருப்பூர் பகுதிகளில் வீடுகளுக்கும் மில் வளாகங்களுக்கும் புல்தரையும் தோட்டமும் அமைத்துப் பராமரிக்கும் சிறிய கூட்டு நிறுவனத்தை நானும் என் மச்சானும் நடத்தி வருகிறோம். மார்ச் 31 அன்று முடியும் நிதியாண்டின் கணக்கை முடிக்கும் முன் உங்கள் ஆலோசனை தேவைப்படுகிறது.

முதன்மையான ஐயம் ஜிஎஸ்டி பற்றியது. செடிகளைத் தனியாக விற்றால் வரி இல்லை. தோட்டம் அமைக்கும் சேவைக்கோ 18 விழுக்காடு. செடி, செம்மண், தொழுவுரம், கூலி அனைத்தையும் சேர்த்து ஒரே ஒப்பந்தமாக எடுக்கும்போது, செடிகளுக்குத் தனி பில் போட்டால் ஏற்கப்படுமா, முழுத் தொகையும் சேவையாகவே கருதப்படுமா என்பதை அனுபவமுள்ளவர்கள் அருள்கூர்ந்து விளக்க வேண்டும்.

அடுத்தது வருமான வரி. வரவில் 8 விழுக்காட்டை, வங்கி வழி வந்த தொகைக்கு 6 விழுக்காட்டை, இலாபமாகக் காட்டும் உத்தேச முறையில் புல்வெட்டும் இயந்திரத்தின் தேய்மானத்தைத் தனியே கழிக்க இயலாது. கூலியே பெருஞ்செலவாக உள்ள இத்தொழிலுக்கு முழுக் கணக்கு எழுதுவதே பொருத்தம் என்பது என் கருத்து; மாற்றுக் கருத்து இருந்தால் காரணத்துடன் கூறுங்கள்.

ஐப்பசி மழையை ஒட்டிப் புதிய வேலைகள் கூடுகின்றன. கோடையிலோ பராமரிப்புத் தொகை மட்டுமே வருகிறது. ஆட்களின் வாரக்கூலி தடைபடாதிருக்க நீங்கள் எத்தனை மாதச் செலவைக் கையிருப்பாக வைக்கிறீர்கள்?