படித்தது ஒன்று, பார்க்கும் வேலை வேறு: வேலையை விட்டு மேற்படிப்புக்குப் போகலாமா?

கேள்வி

உயிர்வேதியியலில் பட்டம் வாங்கி ஓராண்டு தாண்டிவிட்டது. படிப்புக்கு ஏற்ற வேலை அமையவில்லை. காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் மருத்துவமனை பில்களைச் சரிபார்க்கும் வேலையில் சேர்ந்தேன். டிஸ்சார்ஜ் சம்மரி, ரத்தப் பரிசோதனை முடிவுகள், மருந்துப் பட்டியல் எல்லாம் திரையில் வரும். கொடுத்த சிகிச்சைக்கும் கேட்ட தொகைக்கும் பொருத்தம் இருக்கிறதா என்று பார்த்து அனுப்ப வேண்டும்.

வேலையைக் குறை சொல்லமாட்டேன். சம்பளம் ஒழுங்காக வருகிறது, வீட்டுக்கும் அது தேவைப்படுகிறது. ஆனால் கூடப் படித்தவர்களில் ஒருத்தி முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்துவிட்டாள், இன்னொருவன் சொந்தத் தொழில் தொடங்கிவிட்டான். "உனக்கு எதில் ஆர்வமோ அதில் போ" என்கிறார்கள் எல்லோரும். எதில் ஆர்வம் என்று என்னையே கேட்டுக்கொண்டால் பதில் வரமாட்டேன் என்கிறது.

ஒரு விஷயம், இதெல்லாம் கணக்கில் வருமா தெரியவில்லை. சமீபத்தில் ஒரு கோப்பு. சிறுநீரகம் சரியாக வேலை செய்யாவிட்டால் ரத்தத்தில் கிரியாட்டினின் அளவு ஏறும். நோயாளி சேர்ந்த அன்று அது 0.9, ஐந்தாம் நாள் 2.1. இரண்டாம் நாள் ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக் ஊசி ஆரம்பித்திருந்தார்கள். பில்லைப் பொறுத்தவரை அதில் ஒன்றுமில்லை, அனுப்பிவிட்டேன். ஆனால் அந்த மருந்து சிறுநீரகத்தை என்ன செய்கிறது என்று மதிய இடைவேளை முழுக்கப் படித்துக்கொண்டிருந்தேன்.

வேலையை விட்டுவிட்டு முதுகலை சேரலாமா? இல்லை, இப்படியே இருந்துவிடலாமா?

பதில் 1

விடாதீர்கள். வேலை என்றால் அதிலேயே வாழ்க்கையின் அர்த்தமும் கிடைத்தாக வேண்டும் என்று யார் சொன்னது? நான் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். மாலையில் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கணிதம் சொல்லித் தருகிறேன். என் மனசு இருப்பது அங்கேதான், அலுவலகம் அதற்கு நேரமும் பணமும் தருகிறது.

ஏமி ரெஸ்னெவ்ஸ்கி என்ற ஆய்வாளர் 1997இல் சக ஆய்வாளர்களோடு சேர்ந்து ஓர் ஆய்வு வெளியிட்டார். தங்கள் வேலையைப் பிழைப்பாகப் பார்ப்பவர்கள், முன்னேறும் ஏணியாகப் பார்ப்பவர்கள், பிறவிக் கடமைபோலப் பார்ப்பவர்கள் என்று மூன்று வகை சொன்னார். ஒரே மாதிரி வேலை செய்த நிர்வாக உதவியாளர்களைத் தனியாக எடுத்துப் பார்த்தபோது, அவர்களும் ஏறக்குறைய சமமாக மூன்றாகப் பிரிந்திருந்தார்கள். பிழைப்பாகப் பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வீட்டுக்கு உங்கள் சம்பளம் தேவை என்கிறீர்களே, அதுவே பெரிய காரணம்.

பதில் 2

தங்கச்சி, கணக்கில் வருமா என்று கேட்டீர்களே, நீங்கள் எழுதியதிலேயே எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த மதிய இடைவேளைதான்.

நான் மருந்துப் பாதுகாப்புத் துறையில் இருக்கிறேன். பார்மகோவிஜிலன்ஸ் என்பார்கள், நாங்கள் பேச்சில் ட்ரக் சேஃப்டி என்போம். நீங்கள் ஆசைக்குப் படித்ததை நாங்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்கிறோம்.

மருந்து சாப்பிட்டதில் ஏதோ ஆகிவிட்டது என்று ஒரு மருத்துவரோ நோயாளியோ தகவல் அனுப்புவார். முதலில் நான்கு விஷயம் பார்ப்போம்: அடையாளம் காணக்கூடிய நோயாளி, தகவல் தந்தவர், சந்தேகப்படும் மருந்து, நேர்ந்த பாதிப்பு. நான்கும் இருந்தால் அது கேஸ். தீவிரமான பாதிப்பு என்றால் பல நாடுகளில் 15 நாளுக்குள் கட்டுப்பாட்டு அமைப்புக்குப் போயாக வேண்டும். அப்புறம்தான் உண்மையான வேலை. மருந்து என்றைக்கு ஆரம்பித்தது, பாதிப்பு என்றைக்குத் தெரிந்தது, கூடவே வேறென்ன கொடுத்தார்கள், நிறுத்தியதும் குறைந்ததா (டீசேலஞ்ச்), திரும்பக் கொடுத்தபோது திரும்ப வந்ததா (ரீசேலஞ்ச்) என்று நாள்வாரியாகக் கோத்து எழுத வேண்டும்.

உங்கள் கோப்பையே எடுத்துக்கொள்வோம். ஜென்டாமைசினால் வரும் சிறுநீரகப் பாதிப்பு பெரும்பாலும் ஐந்து, ஏழு நாள் மருந்து ஓடிய பிறகுதான் தெரியும். இரண்டாம் நாள் ஆரம்பித்து ஐந்தாம் நாளே 2.1 என்றால் நான் அந்த ஊசியோடு நிற்கமாட்டேன். உடம்பில் நீர் வற்றியிருந்ததா? வலி மாத்திரை ஏதாவது போனதா? சாயம் ஏற்றி ஸ்கேன் எடுத்தார்களா? இதைப் படிக்கும்போதே உங்களுக்கு அந்தக் கோப்பைத் திரும்பத் திறக்கத் தோன்றினால், எதில் ஆர்வம் என்ற கேள்விக்கு ஒரு பதில் கையில் இருக்கிறது.

கோப்பு படிக்கிற வேலையைச் சின்னதாக நினைக்காதீர்கள். ஃபிரான்சிஸ் கெல்சி 1960இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பில் சேர்ந்ததும் அவர் மேசைக்கு வந்த ஆரம்பக் கோப்புகளில் ஒன்று தாலிடோமைடு. வேறு நாடுகளில் ஏற்கெனவே விற்பனையில் இருந்த தூக்க மருந்து. பாதுகாப்புக்கான ஆதாரம் போதாது என்று அவர் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டே இருந்தார். நிறுவனம் நெருக்கியது. இடையில், அந்த மருந்தைத் தொடர்ந்து சாப்பிட்டவர்களுக்கு நரம்புப் பாதிப்பு வருவதாக ஒரு மருத்துவ இதழில் வந்திருந்த கடிதம் அவர் கண்ணில் பட்டது. பிடியை விடவில்லை, அனுமதியும் தரவில்லை. 1961 முடிவதற்குள், கர்ப்பிணிகள் சாப்பிட்ட அந்த மருந்தால் குழந்தைகள் கை கால் குறைபாட்டோடு பிறப்பது வெளியே வந்துவிட்டது. உலகம் முழுக்கப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள். உலக சுகாதார அமைப்பு 1968இல் மருந்துக் கண்காணிப்புத் திட்டம் தொடங்கியதே இதன் பிறகுதான். எங்கள் துறையின் வேர் அது. புதிதாக வருகிறவர்களிடம் இதை நான் சொல்லாமல் விடுவதில்லை.

நான் படித்தது தாவரவியல். இந்தத் துறை இருப்பதே தெரியாமல், கேஸ் விவரங்களைக் கணினியில் ஏற்றும் வேலைக்கு வந்தேன். ஒரு நாள் தோலில் தடிப்பு என்று ஒரு கேஸ். எல்லோரும் மருந்தைச் சந்தேகப்பட்டார்கள். தேதிகளை வரிசைப்படுத்தினேன், தடிப்பு வந்தது மருந்து ஆரம்பிப்பதற்கு முந்தின நாள்! அன்றிலிருந்துதான் இந்த வேலை என்னைப் பிடித்துக்கொண்டது. ஆர்வம் வந்தபின் வேலையைத் தேடவில்லை, வேலையில் இருக்கும்போது ஆர்வம் வந்தது.

வேலையை விடாமல் விண்ணப்பம் போடுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி படிக்கத் தெரிந்த உயிர்வேதியியல் பட்டதாரி எங்களுக்கு நிஜமாகவே தேவை. தன்குறிப்பில் 'பில் சரிபார்ப்பு' என்று மட்டும் போட்டு முடித்துவிடாதீர்கள். எந்தெந்த மருத்துவ ஆவணங்களைப் படிக்கிறீர்கள் என்று விவரமாக எழுதுங்கள்.

பதில் 3

முதுகலை பற்றி மட்டும் ஒரு வார்த்தை. நான் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறேன். இங்கே பெரும்பாலான நாள் எதுவும் வேலை செய்யாது. ஒரு புரதம் செல்லில் இருக்கிறதா என்று பார்க்க இரண்டு நாள் பாடுபட்டு, கடைசியில் எதுவும் பதியாத வெற்றுப் படலம் வரும். எந்தக் கரைசலில் தப்பு என்று தேடி மறுபடி முதலிலிருந்து. எனக்கு அது பிடிக்கும். உங்களுக்குப் பிடிக்குமா என்பதைச் சேர்வதற்கு முன்பே, விடுப்பில் ஒரு வாரம் ஏதாவது ஆய்வுக்கூடத்தில் கூடவே நின்று பாருங்கள். கூடப் படித்தவள் சேர்ந்துவிட்டாள் என்பதற்காகப் போக வேண்டாம்.

தெரிந்தவர்களிடம் சொல்லி வையுங்கள், அதுவும் நெருக்கமில்லாத பழக்கக்காரர்களிடம். மார்க் கிரனோவெட்டர் என்ற சமூகவியலாளர், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களை ஆராய்ந்து 1970களில் வெளியிட்டார். அந்தத் தெரிந்தவரை அடிக்கடி சந்திப்பவர்களாக இருந்தது ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான். நெருங்கிய நண்பர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததாகவே இருக்கும். எனக்கு இந்த இடம் கிடைத்ததும் கல்லூரியில் அதிகம் பேசாத ஒரு சீனியர் மூலமாகத்தான்.

கேட்டவர்

எல்லோருக்கும் நன்றி. இப்போதைக்கு வேலையை விடவில்லை. அக்கா, நீங்கள் சொன்ன துறையின் பெயரையே இன்றுதான் கேள்விப்படுகிறேன். அந்தக் கோப்பை மனதில் ஓட்டிப் பார்த்தேன், மருந்துப் பட்டியலில் டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்தும் இருந்த ஞாபகம்! காசு கட்டிச் சேரும் பயிற்சி வகுப்புகள் நிறைய விளம்பரம் வருகிறதே, சேர வேண்டுமா?

பதில் 2

டைக்ளோஃபெனாக்கா, அப்படிப் போடுங்கள்! காசு கட்டும் அவசரம் வேண்டாம். நான் சொன்ன உலக சுகாதார அமைப்பின் திட்டத்துக்காக இயங்கும், ஸ்வீடனில் உள்ள உப்சாலா கண்காணிப்பு மையம் இணையத்தில் இலவசமாகவே சில அறிமுக வகுப்புகள் நடத்துகிறது, அதில் ஆரம்பியுங்கள். அப்புறம் விஜிஆக்சஸ் தளத்தில் ஒரு மருந்தின் பெயரைப் போட்டால், அதற்கு உலகம் முழுக்க வந்த பாதிப்புத் தகவல்கள் வகைவாரியாக வரும். ஜென்டாமைசினைப் போட்டுப் பாருங்கள். கற்பனையாக ஒரு நோயாளியை வைத்து, நாள்வாரியாக ஒரு பக்கம் கேஸ் எழுதி இங்கே போடுங்கள், திருத்தித் தருகிறேன். உங்கள் அலுவலகக் கோப்பிலிருந்து ஒரு வரிகூட எடுக்கக் கூடாது, அதில் மட்டும் கவனம்.